நான்காம் கேள்விக்கு நான் எழுதிய விடை

என் செல்ல மகள் சிலேஷேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நின்று நின்று வேலை பார்த்த கால் வலி இல்லாமல், அந்தக் கார்க் நகரத்து மழையில் நனையாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரைக் கேட்டுக்கொண்டேதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால், மூவரும் சுகம். முழங்கால் மட்டும் விடியற்காலையில் கொஞ்சம் முனகும், அப்புறம் அதுவே எழுந்து நடக்கும். ஆகஸ்ட் காற்று ஆரம்பித்துவிட்டது, எங்கோ புல்லைக் கொளுத்துகிறார்கள், கொடியில் போட்ட துணியெல்லாம் கரித்தூள். மின்சாரம் காலையில் போனால் சாயங்காலம்தான் முகம் காட்டுகிறது, அதனால் சமையல் கரியடுப்பில், அடுப்பை நான்தான் மூட்டுவேன் என்று அப்பா பிடிவாதம், சுரங்கத்தில் முப்பது வருஷம் வெடி வைத்தவருக்கு ஒரு கரியடுப்பு பற்றவைக்க அரைப்பெட்டி தீக்குச்சி வேண்டியிருக்கிறது. போனில் பேசினால் போதாதா, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீ கூப்பிட்டால் உடனே ஸ்பீக்கரில் போடு என்று அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பாதியில் லைன் அறுந்துபோகிறது, மீதியில் நீ அழ ஆரம்பித்துவிடுகிறாய். எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம், அதில் என் அசட்டுத்தனமும் இருக்கிறது, ஒரே மூச்சில் சொன்னால்தான் உண்டு. கபெம்ப்வா சாரின் தம்பி மகள் வியாழக்கிழமை டப்ளினுக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூட இரண்டு பொட்டலம் காய்ந்த கபெந்தா மீன். வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, போன தடவை உன் வீட்டுக்காரம்மா தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். லிம்பானி ஜெரே வீட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டுத் தூது வந்து ஐந்து வாரம் ஆகிறது. வெள்ளைத் துணியில் சுற்றிய தட்டை நம் வீட்டுக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூதர் போய்விட்டார். வைத்துக்கொண்டால் சம்மதம், திருப்பி அனுப்பினால் இல்லை, நடுவில் மூன்றாவது வழி கிடையாது, ஆனால் உன் அம்மா மூன்றாவது வழி ஒன்று கண்டுபிடித்தாள், தட்டை அலமாரி மேல் ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நீ "என்னம்மா முடிவு பண்ணினீங்க"ன்னு கேட்கிறாய், நான் உடனே மழையைப் பற்றிக் கேட்கிறேன். அப்பா முதல் நாளே சொல்லிவிட்டார், "பொண்ணுக்குப் பிடிச்சிருக்கு, அவனும் கெமிஸ்ட்ரி வாத்தியார், நீயும் கெமிஸ்ட்ரி வாத்தியார், ரெண்டும் ஒரே சரக்கு, இதுல யோசிக்க என்ன இருக்கு"ன்னு. ஆனால் அம்மா வாயைத் திறக்காமல் நம் வீட்டில் எந்தத் தட்டும் நகராது என்பது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அவன் ன்கோனி இனம், நாம் பெம்பா இனம் என்பதற்காக நான் தயங்கினேன் என்று நினைத்துவிடாதே. எலி தின்கிறவர்கள் என்று நாம் அவர்களைக் கேலி செய்வதும், குரங்கு தின்கிறவர்கள் என்று அவர்கள் நம்மைக் கேலி செய்வதும் காலங்காலமாக வருகிற உறவுமுறை, கல்யாணத்துக்கு நல்ல சகுனம்தான். எனக்கு அவனுடைய ஊமைத்தனம்தான் பிடிக்கவில்லை, இதை நேராகவே எழுதிவிடுகிறேன். நீ கண்காணாத ஊரில் நோயாளிகளைத் தூக்கி இறக்கிப் பிழைக்கிற பெண், உனக்கு ஒரு அநியாயம் நடந்தால் வாயைத் திறந்து கேட்கிறவன் வேண்டாமா, இது வாயில்லாப் பூச்சியாக இருக்கிறதே என்று எனக்கு ஆற்றாமை. சந்தையில் என்னைக் கண்டதும் ரோட்டை விட்டு இறங்கித் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். நம் வழக்கம் அதுதான், பெண்ணைப் பெற்றவளும் அந்தப் பையனும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, சடங்கு செய்து அவனை வீட்டுக்குள் அழைக்கும்வரை. தட்டு வந்த அன்றைக்கே அந்த மரியாதை எங்கள் இரண்டு பேர் மேலும் ஏறி உட்கார்ந்துவிட்டது, நான் சம்மதம் சொன்னேனா இல்லையா என்று அது கேட்கவில்லை. இருந்தாலும் அவன் நின்ற நிற்பு மரியாதையாக எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் தெரிந்தது.

இந்த நிலைமையில் ஏழு மிஷன் பள்ளிகளுக்கும் சேர்த்து நடத்துகிற முன்தேர்வு வந்தது. வேதியியல் தாளில் நான்காம் கேள்வி என் பொறுப்பு, கேள்வியும் நானே, விடைக்குறிப்பும் நானே. பெருமையாகச் சொல்கிறேன், கேள்வி நல்ல கேள்வி. நாம் வெளியே விடுகிற மூச்சில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு, உருக்காலைப் பக்கம் காற்றடித்தால் வந்து தொண்டையைப் பிடிக்குமே நாம் ‘செந்தா’ என்று சொல்கிற அந்தக் கந்தக டை ஆக்சைடு, இரண்டிலும் நடுவில் ஒரு அணு, இரண்டு பக்கமும் ஆக்சிஜன், இவற்றின் வடிவத்தை வரைந்து காரணம் சொல்லு என்று கேட்டிருந்தேன். நீ என் வகுப்பிலேயே மூன்றாம் பெஞ்சில் தூங்கியவள், அதனால் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன், அவசரப்படாதே. அணுவைச் சுற்றி எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன, ஒரு ஜோடிக்கு இன்னொரு ஜோடியைக் கண்டாலே ஆகாது, ஆனால் எல்லாம் ஒரே அணுவில் கட்டுண்டு கிடப்பதால் விட்டு ஓடவும் முடியாது. என்ன செய்யும்? ஒன்றை விட்டு ஒன்று எவ்வளவு தூரம் தள்ளி இருக்க முடியுமோ அவ்வளவு தள்ளி இடம் பிடித்துக்கொள்ளும். ஒரே அணுவைப் பிடித்த ஜோடிகளை ஒரே கூட்டமாக எண்ண வேண்டும், இரண்டு கூட்டம் இருந்தால் எதிரும் புதிருமாக நேர்கோடு. மூன்று என்றால் தட்டையாக ஒரு முக்கோணம். நான்கு என்றால் பிள்ளைகள் எல்லாரும் கரும்பலகையில் கூட்டல் குறி போடுவார்கள், பலகை தட்டையாக இருக்கிறதே தவிர மூலக்கூறு தட்டையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அது மேலும் கீழும் விரிந்து நாலு மூலைக்கும் போய்விடும், கூட்டல் குறியில் தொண்ணூறு பாகை என்றால் அதில் நூற்று ஒன்பதரை. இதில் ஒரு சூது உண்டு. சில ஜோடிகள் இன்னொரு அணுவைப் பிடித்திருக்கும், அவற்றை அந்த அணுவை வைத்துக் கண்டுகொள்ளலாம். சில ஜோடிகள் யாரையும் பிடிக்காமல் தனியாக இருக்கும், படத்தில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும், ஆனால் தள்ளுவதில் அந்தத் தனி ஜோடிதான் மற்றவற்றை விடப் பலசாலி. கார்பனிடம் அப்படித் தனி ஜோடி மிச்சம் இல்லை, ஆகவே கார்பன் டை ஆக்சைடு நேர்கோடு. கந்தகத்திடம் ஆறு எலெக்ட்ரான், ஆக்சிஜன்களோடு கைகோக்க நாலு போனால் இரண்டு மிச்சம், ஒரு தனி ஜோடி. அது மேலே உட்கார்ந்து அழுத்த, இரண்டு ஆக்சிஜனும் வளைந்து கீழே இறங்கும். இதை இருபத்துநாலு வருஷம் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கை இது.

அந்தக் கைதான் விடைக்குறிப்பில் இரண்டுக்கும் நேர்கோடு என்று எழுதியது. ஏன் எழுதியது என்று கேட்காதே, எழுதியது. தட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன், திங்கள் காலை கொடுத்தாக வேண்டும், உள்ளே கூடத்தில் அப்பா தூதரோடு சிரித்துக்கொண்டிருந்தார், எனக்கு மனசு ஒரு இடத்தில் இல்லை, கார்பனுக்கு எழுதியதையே கந்தகத்துக்கும் இழுத்துவிட்டிருக்கிறேன். ஒரே மாதிரி வாய்பாடு, நடுவில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, கண் ஏமாந்துவிட்டது. எழுதினேன், கவரில் போட்டு ஒட்டினேன், மறந்தும் போனேன்.

விடைத்தாள் திருத்துவது கபெம்ப்வா சார் பள்ளி மண்டபத்தில். அவர்தான் மேற்பார்வை. முன்னூற்றுச் சொச்சம் தாள், எட்டு ஆசிரியர்கள், ஆளுக்கு ஒரு கேள்வி, வரிசையாக உட்கார்ந்து நம் கேள்வியைத் திருத்தித் தாளை அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், கடைசி ஆள் தன் கேள்வியையும் திருத்தி மொத்தத்தையும் கூட்டி அட்டையில் போடுவார். அதற்கு முந்தின சனிக்கிழமை அந்த மண்டபத்தைக் கல்யாணப் பெண்ணுக்குப் பெண்கள் நடத்துகிற கிச்சன் பார்ட்டிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள், சுவரெல்லாம் பலூன், பாதி வாடிப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. நான் உள்ளே நுழைகிறேன், லிம்பானி உட்கார்ந்திருக்கிறான். நான் தலையைக் குனிந்தேன், அவன் ஜன்னலைப் பார்த்தான். எல்லாருக்கும் தட்டு வந்த கதை தெரியும், நம் ஊரில் எது தெரியாமல் இருக்கிறது. கபெம்ப்வா சார் கையைத் தட்டி, "இந்தாங்கப்பா, மாமியாரையும் மருமகனையும் ஒரே பெஞ்சுல உட்கார வச்சா முன்னோர் என்னை வந்து கேப்பாங்க, சிலேஷே அம்மா இந்தப் பக்கம் முதல் இடம், எலி பிடிக்கிற ஜெரே அந்தப் பக்கம் கடைசி இடம், இதுக்கு மேல தள்ளணும்னா காங்கோ எல்லை வந்துரும்"னார். எல்லாரும் சிரித்தார்கள். லிம்பானியும் "சரிங்க சார், குரங்குக்கறி வாசம் அடிக்காத தூரமா இருந்தா போதும்"னு மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அவன் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை, அதையும் நான் நல்லபடியாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என் மேல் கோபித்துக்கொள், உனக்கு உரிமை இருக்கிறது. காலையில் இரண்டாவதாக வந்த கட்டு லிம்பானியின் பள்ளி. தாளைத் திறக்கிறேன், கந்தக டை ஆக்சைடு வளைந்த வடிவம் என்று எழுதியிருக்கிறது. விடைக்குறிப்பைப் பார்க்கிறேன், நேர்கோடு, என் கையெழுத்து. பெருக்கல் குறி போட்டேன். அடுத்த தாள், வளைந்த வடிவம், பெருக்கல் குறி. நாற்பத்தொரு தாளில் முப்பத்தைந்து வளைந்த வடிவம், அழகாகத் தனி ஜோடியை இரண்டு புள்ளியாக வேறு போட்டிருக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் பூஜ்ஜியம். அப்படித் திருத்தும்போது மண்டையால் யோசிக்க மாட்டோம், குறிப்பைப் பார், தாளைப் பார், குறி போடு, தள்ளு, அவ்வளவுதான். யோசித்திருந்தால் கூட என் கையெழுத்தை நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். சிலேஷே, ஒவ்வொரு பூஜ்ஜியம் போடும்போதும் எனக்கு உள்ளே இனித்தது. பார், வாத்தியார் லட்சணம், இந்தச் சின்ன விஷயம்கூடச் சொல்லித்தரத் தெரியவில்லை, இவனுக்கா என் பெண் என்று நினைத்தேன். பத்து மணி டீக்குள் எனக்கு முடிவு வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவது, உனக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்றுகூட வாசகம் தயார் செய்துகொண்டேன். இந்தத் தேர்வில் முதல் ஆறு பேருக்குத்தான் மிஷன் கல்லூரியில் இலவச இடம், அது எந்தப் பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கிறது என்று ஒரு நிமிஷம் நான் நினைக்கவில்லை.

பதினொரு மணி வாக்கில் கடைசிப் பக்கம் சத்தம் கேட்டது. எல்லாருடைய தாளும் போய் லிம்பானி முன்னால் குவிந்துகொண்டே இருக்கிறது, அவன் தன் கேள்வியை மட்டும் திருத்திவிட்டு ஒன்றையும் கூட்டாமல் அடுக்கி வைத்திருக்கிறான். கபெம்ப்வா சார் போய் இடுப்பில் கை வைத்து நின்று, "என்னப்பா ஜெரே, கூட்டல் மறந்துபோச்சா, இல்ல ராத்திரி எலிப் பொந்து தோண்டப் போய்த் தூக்கம் வருதா"ன்னார். அவன் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்து அடுக்கினான். கால்மணி நேரம் கழித்து மறுபடி போனார், இந்தத் தடவை கேலி இல்லை, "தம்பி, ஒன்னால எட்டுப் பேர் வேலை நிக்குது, நாளைக்கு உன் ஹெட்மாஸ்டருக்குக் கடுதாசி போகும், சொல்லிட்டேன்"னு எல்லார் முன்னாலும் சொன்னார். அவன் எழுந்து நின்று, "சரிங்க சார், தப்பு என்னோடதுதான்"னு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். தப்பு என்னவென்று சொல்லவில்லை. நான் இங்கே முதல் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, சோம்பேறியும்கூட என்று என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அப்புறம் டீ கொண்டுவருகிற குந்தா அம்மா என் முன்னால் தட்டை வைத்தாள், கோப்பைக்குப் பக்கத்தில் மூன்று பலூன், கழுத்தோடு கழுத்தாக நூலில் கட்டியது, சுவரிலிருந்து பிடுங்கினது. "கடைசி பெஞ்சு சார் குடுத்தாருங்க. யாருக்குன்னு கேட்டேன், கையைத்தான் காட்டினாரு. வாயில என்ன பூட்டோ"ன்னாள். பெஞ்சே அதிர்ந்தது சிரிப்பில். "மருமகன் சீர் வந்துருச்சு", "சிலேஷே அம்மா, கிச்சன் பார்ட்டிக்கு நாள் குறிச்சாச்சா"ன்னு ஆளுக்கு ஒன்று. எனக்கு முகம் கொதித்தது. கல்யாண வீட்டுப் பலூனை அனுப்பி அவசரப்படுத்துகிறானா, அதுவும் சபையில், என்ன துணிச்சல் என்று பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். பலூன் அடியில் நிற்குமா, உருண்டு என் காலுக்கு மேலேயே வந்து நின்றது. அப்போதுதான் கவனித்தேன், இரண்டு பலூனில் நீல மையால் பெரிதாக ஆக்சிஜனின் குறி எழுதியிருந்தது. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. கையில் எடுத்தேன். ஆக்சிஜன் இரண்டையும் எதிரும் புதிருமாக நேர்கோட்டில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் எழுதாத பலூன் நடுவில் முட்டிக்கொண்டு நின்றது, கையை விட்டதும் இரண்டும் வழுக்கி வளைந்து பழைய இடத்துக்கே போயின. மறுபடி அழுத்தினேன். மறுபடி வளைந்தன. ஒன்றும் எழுதாதது நான் விட்டுவிட்ட தனி ஜோடி. முப்பத்தைந்து பூஜ்ஜியம். அது அவன் பள்ளி மட்டும்தான், மற்றப் பள்ளிகளில் எத்தனையோ.

உடனே எழுந்து நின்று சொல்லிவிட்டேன் என்று எழுத எனக்கு ஆசை. எழுத மாட்டேன், அது பொய். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள், நான் போய் ன்ஷிமாக் களியை உருட்டி, கீரையில் தொட்டு, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். இருபத்துநாலு வருஷம், துறைத் தலைவி, அந்தக் கேள்வி என் கேள்வி, சொன்னால் அந்த மண்டபத்தில் என் மூக்கு உடையும், உடைத்தவன் அவன் என்று ஆகும். சொல்லாவிட்டால்? யாருக்கும் தெரியாது. அவன் சொன்னால் தெரியும். அவன் அந்தப் பக்கம் ஜகரண்டா மரத்தடியில் என் கண்ணில் படாத மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டான், பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள், ஏன் தாளை நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று குடைந்துகொண்டிருந்தார்கள், காற்றில் எனக்குக் கேட்டது, அவன் கால்பந்தைப் பற்றிப் பேச்சை மாற்றினான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கூட்டி அட்டையில் மையால் எழுதிவிட்டால் திருத்த முடியாது, ஏழு பள்ளிக் கையெழுத்து வேண்டும். கூட்டாமல் வைத்தால் இன்னும் எல்லாம் என் கையில். தாளை நிறுத்தினது எனக்காக, திட்டு வாங்கினது எனக்காக, வாயை மூடிக்கொண்டிருப்பதும் எனக்காகவே. அதே சமயம் அந்தப் பிள்ளைகளின் மார்க்கை ஒன்றுகூட அவன் விட்டுக்கொடுக்கவில்லை, நான் எழுந்து நிற்கும்வரை அந்தக் குவியல் நகராது என்று அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. இவனையா நான் ஊமை என்றேன்!

சாப்பிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்தேன். "நான்காம் கேள்விக்கு நான் எழுதின விடை தப்பு, கந்தக டை ஆக்சைடு வளைஞ்ச வடிவம், அதுல ஒரு தனி ஜோடி இருக்கு, நான் விட்டுட்டேன். காலையிலேர்ந்து திருத்தின எல்லாத் தாளும் என்கிட்ட திரும்பி வரணும்"னேன். அப்புறம் ஒருவர் தலையில் கை வைத்தார், இன்னொருவர் மினிபஸ் போச்சே என்றார், கபெம்ப்வா சார் என்னைப் பார்த்தார், கடைசி பெஞ்சைப் பார்த்தார், என் மடியில் இருந்த பலூனைப் பார்த்தார், மனிதருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேரே லிம்பானியிடம் போய், "ஏம்ப்பா, காலையிலேயே என் காதுல சொல்லியிருக்கலாமே, உன்னைக் கழுதை மாதிரி திட்டிட்டேனே"ன்னார். அவன் என் பக்கம் திரும்பாமல், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி, "உங்க காதுல சொன்னா அது புகார் சார். அவங்க தாங்களே பார்த்தா அது திருத்தம். திட்டு என்ன சார், சாயங்காலத்துக்குள்ள போயிரும்"னான். அடுத்த நாள் மத்தியானம் வரை நான் திருத்தினேன், ஒவ்வொரு பூஜ்ஜியத்தையும் அடித்துக் கையெழுத்துப் போட்டு. இலவச இடம் கிடைக்கிற ஆறு பேரில் இரண்டு பேர் மாறினார்கள், ஒருத்தி அவன் பள்ளி, ஒருவன் நம் ஊர்க் கசாப்புக்கடைக்காரர் மகன், அவனுக்கு விஷயமே தெரியாது, தெரியவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். இந்த மனிதர் என்னைக் கிண்டல் செய்வார் என்று பார்த்தால், கரியடுப்பை விசிறுவதை நிறுத்திவிட்டு, "உனக்குப் பயந்து அவன் பேசலைன்னு நினைச்சே. பயந்தவன் கூட்டிப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பான்"னார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. ஞாயிறு பூசை முடிந்து தூதரை வரச்சொல்லி, தட்டு எங்களுடையது, பெண் அவர்களுடையது என்று என் வாயாலேயே சொன்னேன். ஆமாம் கண்ணே, அம்மா சரி என்று சொல்லிவிட்டேன், நீ இதைப் படித்துவிட்டுக் குதிக்கிற சத்தம் இங்கே கேட்கிறது. அவனிடம் பேசுவதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு முதலில் அப்பாவிடம் பேசு, அவர்தான் முதல் நாளே சரி என்றவர், அந்தப் பெருமையை அவருக்குக் கொடு.

இனி கொஞ்சம் புத்தி சொல்கிறேன், கேட்டுக்கொள். ஏப்ரலில் மழை நின்றதும் வா, லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, அத்தைமார்கள் உனக்குச் சொல்லித்தர வேண்டியது ஒரு வாரத்தில் முடியாது. பத்து மணி நேர வேலை முடிந்து வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே, போன படத்தில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது. லிம்பானியோடு சண்டை வரும், வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன், சண்டை வந்தால் அவன் பேசவில்லையே என்று நீ இன்னும் உரக்கப் பேசாதே, அவன் கையில் என்ன வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று பார். நீ கோபக்காரி, அது என்னிடமிருந்து வந்தது, அதற்கு நான் மன்னிப்புக் கேட்க முடியாது. வெயில் இல்லாத ஊரில் மனசு கனத்தால் யாரிடமாவது வாய்விட்டுச் சொல், என்னை எழுப்பினாலும் பரவாயில்லை. நீ போனதிலிருந்து வீட்டில் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்பாவும் நானும் அந்த அறையைச் சுற்றித்தான் நடக்கிறோம், எதை எங்கே வைப்பது என்றாலும் சிலேஷே வந்தால் என்ற பேச்சு வந்துவிடுகிறது. உன்னை நினைக்காமல் ஒரு நாள் போனதில்லை, இதை நான் போனில் சொன்னதே இல்லை.

ஆண்டவர் உன் கைக்குப் பலமும் உன் தூக்கத்துக்கு அமைதியும் தரட்டும், நம் முன்னோர் உன் வாசலில் நிற்கட்டும், நீ தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும். கடைசியாக ஒரு காரியம், மறக்காதே, இதற்காகத்தான் முக்கியமாக எழுதினேன். தாளெல்லாம் திருத்தி முடிந்து கிளம்பும்போது வாசலில் அவனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவன் வழக்கப்படி பாதையை விட்டு இறங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான், நானும் வழக்கப்படி சித்தெங்கேத் துணியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். சடங்கு முடிந்து நான் அவனோடு பேச இன்னும் ஒரு வருஷமாவது ஆகும், செய்த தப்பை அத்தனை நாள் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. அதனால் நீ சொல். இந்த வாரமே சொல். அந்த முப்பத்தைந்து பிள்ளைகளுக்கும் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தாய், அவர்கள் தாளில் பூஜ்ஜியம் போட்டபோது நான் சந்தோஷப்பட்டேன், அதற்காக வெட்கப்படுகிறேன் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள் என்று சொல். சந்தோஷப்பட்டதை மறைக்காமல் சொல், அதைத்தான் அவனிடம் நான் மன்னிக்கச் சொல்கிறேன்.

உன்னைப் பெற்றவள்,
சிலேஷே அம்மா